கடற்பாசி காய்ச்சிய அக்கா

மழை வருமா என்று கேட்டால்கூட அந்த அக்கா வரும் என்றோ வராது என்றோ சொல்லமாட்டார். "கடல் பக்கம் கறுத்திருக்கு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்பார். குடை எடுப்பதும் விடுவதும் கேட்டவர் பாடு.

நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரம்மா கீழ்த்தளத்தில் இருந்தார். அவருடைய மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள், வழக்கம்போல அக்கம்பக்கத்தில் விசாரிக்க மாடியேறி வந்தார்கள். பிள்ளையின் குணம் எப்படி என்று எங்கள் பக்கத்து அறை அக்காவிடம் கேட்டார்கள். அக்கா சொன்னார்:

"படியிலை கண்டா சிரிப்பா. ஒருநாள் என்ர வாளியைத் தூக்கித் தந்தவா. அதுக்கு மேலை நான் கண்டதில்லை."

வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். சம்பந்தம் குழம்பிவிட்டது. வீட்டுக்காரம்மா பல நாட்கள் அவரோடு முகம்கொடுத்துக் கதைக்கவில்லை. எங்கள் அம்மாவுக்கும் ஆத்திரம். "தங்கமான பிள்ளை எண்டு ஒரு சொல்லுச் சொன்னா உனக்கு வாயிலையிருந்து முத்தே கொட்டுண்டுபோகும்?" என்று ஏசினார்.

"தங்கமான பிள்ளையாத்தான் இருக்கும் அன்ரி. ஆனா அவை என்னை நம்பியல்லோ கேட்டவை" என்றார் அக்கா.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அந்த வீடு இருந்தது. யுத்தம் நடந்த வருடங்கள். மாடியில் இரண்டு அறைகளில் அம்மா, நான், தங்கச்சி. நான் ஒரு கப்பல் ஏஜென்சியில் டைப்பிஸ்ட். தங்கச்சியின் கணவர் சுவிஸில் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தார். நடுவில் இந்தியாவில் வைத்துத் தங்கச்சியைக் கலியாணம் செய்துவிட்டுப் போனது அவருடைய வழக்கைச் சிக்கலாக்கியிருந்தது. அவள் வயிற்றில் பிள்ளையோடு ஸ்பொன்சர் விசாவுக்குக் காத்திருந்தாள். பக்கத்தில் ஒரு கட்டில் மட்டுமே கொள்ளும் சின்ன அறையில் அக்கா.

அவர் வடக்கில் பல்கலைக்கழகத்தில் உணவில் வரும் கிருமிகளைப்பற்றிப் படிப்பித்தவர். இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்தபோது ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் சம்பளம் இல்லாமல் ஒரு மூலை மேசை கொடுத்திருந்தார்கள். வயிற்றுப்பாட்டுக்குப் பின்னேரங்களில் ரியூசன் வகுப்புகளில் விஞ்ஞானம் எடுத்தார். மிச்ச நேரமெல்லாம் கடற்பாசிதான்.

பச்சைப் பாசி அல்ல, மண்ணிறப் பாசி. மிளகளவு காற்றுக் குமிழ்களோடு கொத்துக் கொத்தாகக் கற்பாறைகளில் ஒட்டி வளரும். கடல் வற்றும் நேரம் பார்த்து ரயில் தண்டவாளத்தைக் கடந்து இறங்கி, பாறையிலிருந்து பிய்த்து ஒரு பிளாஸ்ரிக் வாளியில் கொண்டுவருவார். மொட்டைமாடியில் பழைய நுளம்பு வலையை விரித்துக் காயவைப்பார். எங்கள் சேலைகளும் துவாய்களும் பாசி மணத்தன. காய்ந்ததை உரலில் இடித்து, ஒரு பங்கைத் தண்ணீரில் காய்ச்சுவார். மறு பங்கு ஆராய்ச்சி நிலைய லாப்பில் வேறு திரவங்களில் ஊறும்.

"உதாலை என்ன பிரயோசனம்?" என்று அம்மா ஒருநாள் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

அக்காவின் முகம் மலர்ந்தது. அவரை நிறையக் கதைக்கவைக்க அந்த ஒரு கேள்வி போதும்.

"சாப்பாட்டாலை வாற சத்தி, வயித்தோட்டம், கண் மஞ்சளாகிற செங்கமாரி இருக்கெல்லோ அன்ரி, இதுகளிலை கனக்க வைரசு எண்ட கிருமியாலைதான் வாறது. சமைச்சவற்ற கையிலை இருக்கும். கழுவாத இலையிலை இருக்கும். அது உடம்புக்குள்ளை போய் ஒட்டவேணும். ஒட்டினாத்தான் அதுக்கு வாழ்வு. இந்தப் பாசிச் சாறு அதை ஒட்டவிடாமல் மறிக்குதுபோலை இருக்கு. 'போலை இருக்கு' எண்டுதான் சொல்லுறன். உண்மையான செங்கமாரிக் கிருமியை எங்கட லாப்பிலை வளக்க ஏலாது. அதின்ர சொந்தக்காரர் மாதிரி, மனுசருக்கு ஒண்டும் செய்யாத ஒரு கிருமியை வைச்சுத்தான் பாக்கிறன்."

"அப்ப உதைக் குடிச்சா வருத்தம் மாறுமோ?"

"அது நான் காணேல்லை. இலையைக் கழுவலாமோ, கத்தியைக் கழுவலாமோ, அதைத்தான் பாக்கிறன். உள்ளுக்குப் போன பிறகு உதவுமோ எண்டு தெரியாது. உதவாது எண்டுதான் நினைக்கிறன்."

பாசியைத்தான் ஏன் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று நான் கேட்டேன். வடக்குக்குக் கிருமி கொல்லும் குளோரின் ஒரு வாளி போவதென்றாலும் அனுமதிக்கு அலையவேண்டிய காலம் அது. அக்கா கடலைப் பார்த்தபடி சொன்னார்: "மற்ற எல்லாத்தையும் தடை செய்யலாம். கடலைத் தடை செய்ய ஏலாதே."

கடலுக்கு இறங்குவதைத் தடைசெய்யலாம் என்பதை அவர் விரைவிலேயே கண்டுகொண்டார். ஒருநாள் காலையில் தண்டவாளத்தோரக் காவலரணில் நின்ற ஆமிக்காரன் வாளியோடு வந்தவரை மறித்தான். "மே மொனவத?" இது என்ன என்று கேட்டான். அவன் நல்ல பெடியன்தானாம். வாளிக்குள் பார்த்துவிட்டு, "பெஹெத் த?" என்று அவனே மறுமொழியையும் எடுத்துக் கொடுத்திருக்கிறான். மருந்தா என்று கேட்டதற்கு ஓம் என்று தலையாட்டியிருந்தால் விட்டிருப்பான். அக்கா தெளிவான சிங்களத்தில், "தாம பெஹெதக் நெவெயி" என்றார். இன்னும் மருந்தில்லை. மருந்தில்லை என்றால் வேறு என்ன, எதற்கு, யாருக்கு, ஏன் இன்னும்? கேள்விகள் கூடக்கூட அவர் சொன்ன உண்மைகளும் கூடின. பின்னேரம் அவர் பொலிஸ் நிலைய வாங்கில் இருந்தார், காலடியில் பாசி வாளி.

நானும் வீட்டுக்காரம்மாவும் போனோம். அக்காவோடு கோபமாக இருந்த அதே வீட்டுக்காரம்மாதான், "இது என் வீட்டில் இருக்கிற ரீச்சர், கொஞ்சம் வட்டுக் கழன்ற ஆள்" என்று சிங்களத்தில் கெஞ்சி அவரை மீட்டார். திரும்பி வரும்போது, "மருந்து எண்டு சொல்லித் தொலைச்சிருக்கலாமே" என்று நான் பொரிந்தேன்.

"மருந்து எண்டு நான் ஒருத்தருக்குச் சொன்னா, பிறகு அவர் அதை நம்பி ஆருக்கும் குடுப்பாரெல்லே" என்றார்.

ஆமிக்காரன் கடற்பாசியைக் குடிப்பான் என்று நினைத்து வழிமுழுக்கச் சிரித்தேன்.

அந்த மழைக்காலத்தில் எங்கள் பகுதியில் செங்கமாரி பரவியது. லொட்ஜுகளில் வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்த பெடியங்கள் ஒருவர் பின் ஒருவராக மஞ்சளாகினார்கள். தங்கச்சிக்கு அப்போது ஏழாம் மாதம். வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லை என்று சொல்லி, ஒழுங்கை முனைக் கடைச் சோற்றுப் பார்சலில் வரும் வல்லாரைச் சம்பலை மட்டும் விரும்பிச் சாப்பிட்டாள். பிறகு அதுவும் பிடிக்காமல் போனது. மசக்கை திரும்பிவிட்டது என்றார் அம்மா. அக்காதான் அவளை யன்னலடிக்குக் கூட்டிப்போய்க் கீழிமையை இழுத்துப் பார்த்தார்.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ."

"கீழ்க்காய்நெல்லி அரைச்சுக் குடுத்திட்டு நாளைக்கு..." என்று அம்மா தொடங்கினார்.

"இல்லை அன்ரி. இப்ப."

அவர் அப்படி உத்தரவுபோலச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. ஓட்டோ பிடித்துக்கொண்டு ஓடினோம். இரத்தம் எடுத்துப் பார்த்த டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தண்ணீராலும் சாப்பாட்டாலும் வரும் செங்கமாரிதான், ஆனால் கர்ப்பிணிகளுக்குத்தான் இந்த வகை கூடாது, ஈரல் பழுதாகத் தொடங்கியிருக்கிறது என்றார். தங்கச்சியிடம் போய்ச் சிரித்தபடி, "பயப்பட ஒன்றும் இல்லை" என்றார். நானும் அதையே சொன்னேன். அம்மா நூறு தரம் சொன்னார்.

அன்று மாலை வீட்டில் அம்மா அக்காவின் காலில் விழுந்தார். உண்மையாகவே விழுந்தார், சீமெந்துத் தரையில் நெற்றி பட.

"பிள்ளை, அந்தப் பாசிச் சாறிலை கொஞ்சம் தா. கிருமி சாகுது எண்டு உன்ர வாயாலைதானே சொன்னனி."

அக்கா பதறி அவரைத் தூக்கினார். "அது வெளியிலை அன்ரி. கண்ணாடிக் கிண்ணத்துக்குள்ளை. தங்கச்சியின்ர உடம்புக்குள்ளை அது ஏற்கெனவே போய் ஒட்டியிட்டுது. இனி இதாலை ஒண்டும் செய்ய ஏலாது. பழுதான ஈரலுக்கு இது கூடாமலும் போகும்."

"ஒருவேளை மாறினா?"

"தெரியாது அன்ரி. தெரியாததை நான் எப்பிடி அவளின்ர வாயிலை ஊத்துறது?"

"உனக்கு நெஞ்சுக்குள்ளை இருக்கிறது கல்லடி" என்றார் அம்மா.

அக்கா மொட்டைமாடிக்கு ஏறிப்போனார். எனக்கும் ஆத்திரம் அடங்கவில்லை. பின்னாலேயே போனேன். "குடுக்க வேண்டாம். ஆனா அவள் சுகப்படுவாள் எண்டு பொய்க்காவது ஒரு வார்த்தை அம்மாவுக்குச் சொல்லியிருக்கலாம்தானே அக்கா?"

அவர் காயவைத்த பாசியைத் திருப்பித் திருப்பிப் போட்டார். பிறகு, எனக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார்.

"எனக்கு ஒரு மகள் இருந்தவள். இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்திலை இருந்தம். சத்தியும் வயித்தோட்டமும். பக்கத்து வகுப்பறையிலை மருந்து தெரிஞ்ச ஒரு பெரியவர் இருந்தவர். வந்து தொட்டுப் பாத்திட்டு, 'ஒண்டுக்கும் யோசியாதை, விடிய எழும்பி விளையாடுவாள்' எண்டவர். நல்ல மனுசன். நான் அழுதுகொண்டு நிண்டபடியால் ஆறுதலுக்குச் சொன்னவர். நான் நம்பினனான். ஆஸ்பத்திரி சைக்கிளிலை போற தூரம்தான். கிருமி படிச்ச நான், என்ர பிள்ளையின்ர முகத்தைப் பாக்காமல் அவற்ற வாயைப் பாத்துக்கொண்டு இருந்திட்டன்."

நான் குனிந்து மற்றப் பக்கத்துப் பாசியைத் திருப்பிப் போட்டேன்.

அந்தக் கிழமை நகரத்துக்குள் குண்டு வெடித்தது. அக்காவின் ஆராய்ச்சி நிலையம் இருந்த வீதியை மூடிவிட்டார்கள். மூட முன்னர், ஊறப்போட்ட போத்தல்களில் இரண்டை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து, கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தார். சிவப்பு எழுத்தில் நஞ்சு என்று ஒட்டியிருந்தது. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியும். வாசிக்கத்தான் செய்தார். ஒருத்தரும் எடுக்காமல் இருக்க எழுதி ஒட்டியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

பார்வையாளர் நேரத்தில் நானும் அம்மாவும் தங்கச்சியின் கட்டிலருகே இருந்தோம். அம்மா பிளாஸ்கிலிருந்து மண்ணிறமாக எதையோ தம்ளரில் ஊற்றித் தேன் கலந்தார். கொத்தமல்லித் தண்ணீர் என்று நினைத்தேன். தம்ளர் தங்கச்சியின் உதட்டுக்குப் போகும்போதுதான் அக்கா வாட்டுக்குள் ஓடி வந்தார். ஒரு காலில் மட்டும் செருப்பு. மூச்சு வாங்க, ஒன்றும் சொல்லாமல் தம்ளரைத் தட்டிவிட்டார். அது நிலத்தில் விழுந்து உருண்டது. வாட்டே திரும்பிப் பார்த்தது.

அம்மா அவருடைய கன்னத்தில் அறைந்தார்.

"கட்டிலுக்குக் கீழை போத்தலைக் காணேல்லை. அது மெதனோலிலை ஊறினது அன்ரி" என்றார் அக்கா. "கண்ணும் போகும், உயிரும் போகும். குடிச்சவளோ? ஒரு மிடறெண்டாலும் குடிச்சவளோ?"

"இல்லை அக்கா" என்றாள் தங்கச்சி. "நான் குடிக்கேல்லை. இங்கை வாங்கோ."

அக்கா கட்டிலோரம் குனிந்தார். கன்னத்தில் விரல்கள் சிவந்து பதிந்திருந்தன.

"எல்லாரும் ஒண்டுமில்லை எண்டீனம். டொக்டர் சிரிச்சுக்கொண்டு போறார். என்ர அக்கா ஒண்டுமில்லை எண்டு சொல்லிப்போட்டு வெளியிலை போய் அழுறா. நீங்கள் சொல்லுங்கோ. நான் தப்புவனோ?"

"உதென்ன கேள்வி? வாயை மூடு" என்றார் அம்மா.

"தெரியாது" என்றார் அக்கா.

"கண்டதைச் சொல்லுங்கோ."

அக்கா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். "உம்மட கை நடுங்குது. நேற்று நான் வரேக்கை என்னை ஆரெண்டு கேட்டனீர். பிறகுதான் தெளிஞ்சனீர். அது நல்ல குறி இல்லை. உம்மைப்போலை இருந்து எழும்பிப் போனவையும் இருக்கினம். எழும்பாதவையும் இருக்கினம். நீர் எந்தப் பக்கம் எண்டு எனக்குத் தெரியாது."

அம்மா தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அந்த இடத்திலேயே அக்காவைப் பிடித்து வெளியே தள்ளவேண்டும்போல இருந்தது. ஆனால் தங்கச்சி அழவில்லை. முகம் தெளிந்திருந்தது.

"அப்ப நான் இண்டைக்கே அவரோடை கதைக்கவேணும்" என்றாள்.

மறுகதை இல்லாமல் அக்கா எழுந்து போனார். நேர்ஸிடம் சிங்களத்தில் மன்றாடி ஒரு சக்கர நாற்காலி கொண்டுவந்தார். என்னை வெளிக்கடைக்கு ஓடவிட்டு, கிடைத்த ரெலிபோன் காட் எல்லாவற்றையும் வாங்கிவரச் சொன்னார். வாசலோரக் காட் போனடிக்குத் தங்கச்சியைத் தள்ளிக்கொண்டு போனோம். சுவிஸுக்கு எடுத்தால் காட் கண்முன்னே கரையும். ஒன்று முடிய மற்றதைப் போட அக்கா பக்கத்திலேயே நின்றார்.

தங்கச்சி பெரிதாக ஒன்றும் கதைக்கவில்லை. குளிர்ச் சட்டை போடுகிறீர்களா என்று கேட்டாள். மதுரையில் கலியாணத்தன்று சண்டை பிடித்தது சும்மா என்றாள். "பொம்பிளைப் பிள்ளை எண்டா உங்கட அம்மான்ர பேரையே வைப்பம். நான் பகிடிக்குத்தான் வேண்டாமெண்டனான்." அந்தப் பக்கத்தில் அவர் என்ன சொன்னாரோ, வாய்விட்டுச் சிரித்தாள். மஞ்சள் படிந்த முகத்தோடு, நரம்பூசி குத்திய கையால் ரிசீவரைப் பிடித்தபடி. பிறகு குரலைத் தாழ்த்திச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நாங்கள் விலகி நின்றோம். அம்மா மட்டும் தூணில் முகத்தைப் புதைத்திருந்தார். கடைசிக் காட்டும் முடிந்து லைன் அறுந்தது.

"இன்னும் வாங்கியாறன்" என்றேன்.

"காணும்" என்றாள். "சொல்லவேண்டியது சொல்லிப்போட்டன்."

அடுத்தநாள் அவளுக்கு நினைவு தப்பியது. அதற்குப் பிறகு எங்களில் ஒருவரையும் அவள் அடையாளம் காணவில்லை. பிள்ளை முதலில் போனது. பிறகு அவள். விண்ணப்பத்துக்கு முடிவு வராததால் கணவரால் வரமுடியவில்லை. வந்தால் திரும்பிப் போகமுடியாது, வந்தபின் என்ன நடக்கும் என்றும் தெரியாது.

தங்கச்சியின் உடலை வைத்திருந்த மலர்ச்சாலையில் அக்கா வாசலுக்கு வந்தபோது, "உவளை உள்ளுக்கு விடாதையுங்கோ" என்று அம்மா குழறினார். அக்கா எதிர்த்துப் பேசவில்லை. வீதியின் மறுகரையில் மதில் நிழலில் நின்றார். வண்டி வெளிக்கிடும்வரை நின்றார். போகும்போது நான் திரும்பிப் பார்த்தேன். கையைக் கூப்பினாரா, முகத்தைத் துடைத்தாரா என்று தெரியவில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்தபின் அவர் முனைக் கடைக்குப் போனதை நான் கண்டேன். கடைக்காரர் அவரைக் கண்டதும் வெலவெலத்துப்போனார். பொலிஸுக்குப் போகப்போகிறார் என்று பயந்திருப்பார். "உங்கட சாப்பாட்டாலை வந்தது எண்டு நான் சொல்ல வரேல்லை" என்றார் அக்கா. "நான் அதைக் காணேல்லை. தண்ணியாலையும் வந்திருக்கலாம். ஆனா சமைக்கிறவையை மலசலகூடத்தாலை வந்து சவுக்காரம் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கோ. கொஞ்சநாளைக்குப் பச்சையாச் சம்பல் போடாதையுங்கோ. வல்லாரையைக் கொதிதண்ணியிலை போட்டெடுத்து வறையாச் செய்யுங்கோ." அவர் திட்டியிருந்தால் கடைக்காரர் மல்லுக்கட்டியிருப்பார். இதற்கு என்ன மல்லுக்கட்டுவது? அதற்குப் பிறகு அந்தக் கடையில் வாசல் குழாயடியில் எந்நேரமும் ஒரு சவுக்காரக் கட்டி கிடந்தது. பச்சைச் சம்பல் வருகிறதா என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை.

வீதி திறந்தபோது ஆராய்ச்சி நிலையம் அவருடைய மேசையை வேறு ஒருவருக்குக் கொடுத்திருந்தது. பாசிச்சாற்றில் அலசிய இலைகளில் அவர் லாப்பில் வளர்த்த அந்தச் 'சொந்தக்காரக்' கிருமி ஏறக்குறைய முழுவதும் அடங்கியிருந்ததாம். அடங்குவதற்கு நேரம் எடுத்ததாம். நிஜக் கிருமியில் பார்க்க வசதியுள்ள இடம் தேடிப் பல நாடுகளுக்கு எழுதினார். எங்கும் வழி பிறக்கவில்லை. கொஞ்சக்காலத்தில் திருகோணமலையிலிருந்து கப்பலில் வடக்குக்குத் திரும்பிப்போக அனுமதி எடுத்துவிட்டார். எல்லோரும் அங்கிருந்து இங்கே வந்துகொண்டிருந்த காலம். "அங்கத்தைப் பாசி வேறை சாதி. அதையும் பாக்கவேணும்" என்றார். புறப்படும் அன்று அம்மாவின் கதவைத் தட்டினார். அம்மா திறக்கவில்லை. மூடிய கதவைப் பார்த்து, "போட்டு வாறன் அன்ரி" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

அங்கிருந்து வந்த ஒருவர் பிறகு சொன்னார்: முகாம் பெண்களுக்குக் கை கழுவவும் தண்ணீர் கொதிக்கவைக்கவும் சொல்லிக்கொடுத்துத் திரிகிறாராம். பாசியைப்பற்றிக் கேட்டால், "இன்னும் கண்டு முடியேல்லை" என்கிறாராம். அதற்குப் பிறகு அவரைப்பற்றி எனக்கு ஒரு செய்தியும் கிடைக்கவில்லை. எத்தனையோ பேரைப்பற்றிக் கிடைக்கவில்லை.

அம்மா அவருடைய பேச்சையே எடுக்கமாட்டார். நான் எடுத்தாலும் எழுந்து போய்விடுவார். நாங்கள் தெஹிவளைக்கு வீடு மாறி, யுத்தம் இன்னும் முடியாமல் இருந்த ஒரு வருடம், எங்கள் எதிர் பிளட்டில் இருந்த இளம் மனுசி ஒருத்தி நோயில் விழுந்தாள். கணவன் டோஹாவில் வேலை. நானும் அம்மாவும் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனோம். கட்டிலைச் சுற்றி உறவுக்காரர்கள். "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒவ்வொருவருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டு வந்து, கடைசியில் அம்மாவிடம் கேட்டாள்.

"அம்மா, நான் எழும்புவனோ?"

நான் பதறிப்போய் வாய் திறக்கமுன், அம்மா கட்டிலோரம் இருந்து அவளுடைய கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்தார்.

"தெரியாது பிள்ளை" என்றார். "அவரோடை கதைக்க இருந்தா இண்டைக்கே கதையுங்கோ. நான் போன் எடுத்துத் தாறன்."